குடிபோதை வழக்கு: கருவி காட்டும் எண் மட்டும் போதுமா?

பயிற்சி எஸ்.ஐ. | 3 பிப்ரவரி 2025, இரவு 9:12

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு (குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது) பற்றிய பாடம் வகுப்பில் முடிந்தது. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: வண்டியை நிறுத்தி ஊதச் சொல்ல வேண்டும், 30-க்கு மேல் காட்டினால் பத்தாயிரம் அபராதம், சாவியை வாங்கி வைத்துக்கொண்டு காலையில் ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல வேண்டும். எண் கண் முன்னாலேயே தெரிகிறது. இதில் வழக்கு தோற்க என்ன இருக்கிறது? ஆனால் சீனியர்கள் எல்லாரும் டி.டி. கேஸ் (குடிபோதை ஓட்டுநர் வழக்கு) ரோட்டிலேயே கெட்டுப்போகும் என்கிறார்கள். எந்த இடத்தில் கெடுகிறது?

ஓய்வு ஆய்வாளர் | 3 பிப்ரவரி, இரவு 10:05

நீங்கள் எழுதியதிலேயே மூன்று தப்பு இருக்கிறது தம்பி.

முதலில் பணம். கட்டணம் வாங்கிக்கொண்டு அங்கேயே முடிக்கக்கூடிய குற்றங்களின் பட்டியல் 200-ஆவது பிரிவில் இருக்கிறது. 185 அதில் இல்லை. நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்னால்தான் முடியும். இ-சலான் கருவியில் 185 போட்டு எடுப்பது நீதிமன்றத்துக்கான சலான். கையில் பணம் வாங்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை, எந்தப் பதவியிலும் இல்லை. தண்டனை முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன்னால் 'இரண்டாயிரம் வரை' என்று இருந்தது. இப்போது அபராதத்தில் 'வரை' என்ற சொல்லே கிடையாது.

அடுத்தது சாவி. வண்டியைப் பிடித்து வைக்கும் 207-ஆவது பிரிவைப் பிரித்துப் படியுங்கள். லைசென்ஸ் இல்லாதது, பதிவு இல்லாதது, பெர்மிட் மீறியது எல்லாம் அதில் வரும், 185 வராது. ஓட்டியவரைக் கைது செய்தால், தேவைப்படும் பட்சத்தில் வண்டியைத் தற்காலிகமாகப் பாதுகாக்க ஏற்பாடு செய் என்று 202(3) சொல்கிறது. பறிமுதல் வேறு, பாதுகாப்பு வேறு.

மூன்றாவது, யாரை ஊதச் சொல்வது? இது பெரிய விஷயம். நாளைக்கு எழுதுகிறேன்.

ஏ.பி.பி. (உதவி அரசு வழக்கறிஞர்) | 3 பிப்ரவரி, இரவு 11:20

வண்டி பற்றி: தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-ல் இதற்கு ஒரு வரிசையே போட்டுக் கொடுத்தது. கூட வந்தவர் குடிக்காமல் இருந்து லைசென்ஸும் வைத்திருந்தால் அவரிடம் வண்டியைக் கொடு. இல்லையென்றால் உறவினரையோ நண்பரையோ கூப்பிடு. யாரும் வராவிட்டால் மட்டும் ஸ்டேஷனில் நிறுத்து, ஆர்.சி.யும் லைசென்ஸும் காட்டினால் விட்டுவிடு. நம்மைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு இல்லைதான். ஆனால் 202(3)-ஐ நடைமுறையில் எப்படிச் செய்வது என்று கேட்டால் இதைவிடத் தெளிவான வழி இல்லை.

ஓய்வு ஆய்வாளர் | 4 பிப்ரவரி, காலை 6:40

நேற்று விட்ட மூன்றாவது.

203(1): *சீருடையில் உள்ள* காவல் அதிகாரி, பொது இடத்தில் வண்டி ஓட்டுபவர் அல்லது ஓட்ட முயல்பவர் 185 குற்றம் செய்திருப்பதாகச் சந்தேகிக்க *நியாயமான காரணம்* இருந்தால், அங்கேயோ பக்கத்திலோ மூச்சு மாதிரி கேட்கலாம். சாய்வெழுத்தில் போட்ட இரண்டையும் பயிற்சியிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

மப்டியில் நின்று ஊதச் சொன்னால் அந்தச் சோதனை 203-க்கு வெளியே போய்விடுகிறது. குளிர் இரவில் சீருடை மேல் ஜெர்கின் போட்டு மூடிக்கொண்டு நிற்பதும் வம்புதான்.

நியாயமான காரணம் என்றால் நீங்கள் கண்ணால் பார்த்தது, மூக்கால் உணர்ந்தது, காதால் கேட்டது. வண்டி கோட்டை விட்டு விலகி வந்தது, பேரிகேட் கிட்டே வந்தபிறகு திடீர் பிரேக், ஹெட்லைட் போடாமல் வந்தது, வாடை, குழறல், பர்ஸிலிருந்து லைசென்ஸை எடுக்கத் தடுமாறியது, இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டது. ஊதச் சொல்வதற்கு *முன்னால்* இவற்றில் எது இருந்தது என்று நேரத்தோடு நோட்டில் எழுத வேண்டும். ஒருவரைப் பற்றி ஒரு வரி போதும். எண் வந்தபிறகு 'வாடை வந்தது' என்று சேர்த்தால், எல்லா வழக்கிலும் ஒரே வாக்கியம் ஒரே கையெழுத்தில் இருக்கும். குறுக்கு விசாரணையில் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1982 டிசம்பரிலிருந்து காரணம் இல்லாமலே எந்த ஓட்டுநரையும் நிறுத்தி ஊதச் சொல்லச் சட்டம் உண்டு. நம் 203(1) அப்படி எழுதப்படவில்லை. அந்த ஊர்ப் படத்தைப் பார்த்துவிட்டு இங்கே வரிசையாக நீட்டிக்கொண்டே போகக் கூடாது.

பயிற்சி எஸ்.ஐ. | 4 பிப்ரவரி, மதியம் 1:15

ஐயா, இன்று கருவியைக் கையில் கொடுத்தார்கள். ஒன்றில் 0.030 என்று வருகிறது, இன்னொன்றில் 30 என்று வருகிறது. மூன்றாவதில் ஒருவருக்கு 0.20 என்று காட்டியது. 0.20 என்றால் 30-க்கு ரொம்பக் கீழே, விட்டுவிடலாம்தானே?

தடய அறிவியல் | 4 பிப்ரவரி, மாலை 5:50

விட்டுவிடக் கூடாது. எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள்.

சட்டம் சொல்வது 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம். அதையே 0.030 சதவீதம் என்றும் எழுதலாம், லிட்டருக்கு 0.30 கிராம் என்றும் எழுதலாம். ஆனால் சில கருவிகள் மூச்சில் உள்ள அளவையே, லிட்டர் மூச்சுக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். 2,100 லிட்டர் மூச்சில் உள்ள சாராயம் 1 லிட்டர் ரத்தத்தில் இருப்பதற்குச் சமம் என்ற விகிதத்தில்தான் கருவி கணக்குப் போடுகிறது. லிட்டர் ரத்தத்தில் 300 மி.கி., அதை 2,100-ஆல் வகுத்தால் 0.143. அந்த அலகில் உங்கள் வரம்பு 0.143தான்.

0.20-ஐத் திருப்பிப் போடுங்கள்: 0.20 × 2,100 = 420. அதாவது 100 மில்லிக்கு 42 மி.கி. அவர் வரம்பைத் தாண்டியவர். பணிக்குப் புறப்படும்போதே கருவி எந்த அலகில் இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போங்கள். ஒரே குழுவில் இரண்டு கருவி இருந்தால் இரண்டும் ஒரே அலகில் இருக்கட்டும்.

இன்னொன்று. சட்டத்தின் சொல் 30-ஐ *மிஞ்சினால்* என்பது. சரியாக 30 குற்றமில்லை.

தடய அறிவியல் | 4 பிப்ரவரி, மாலை 6:25

கருவி எப்படித் தப்பாகக் காட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காவல் துறைக் கருவிகளில் இருப்பது ஃபியூயல் செல். பிளாட்டினம் மின்முனையில் எத்தனால் (சாராயம்) ஆக்ஸிஜனேற்றம் அடைந்து அசிட்டிக் அமிலமாகிறது. அப்போது வரும் மின்னோட்டத்தை அளக்கிறது. சர்க்கரை நோயாளியின் மூச்சில் வரும் அசிட்டோனுக்கு இது ஏமாறாது. மலிவாகக் கிடைக்கும் செமிகண்டக்டர் கருவி ஏமாறும். அதனால் சொந்தமாக வாங்கிய கருவியை ரோட்டுக்குக் கொண்டுவராதீர்கள். மத்திய அரசு அறிவிக்கையில் ஏற்ற வகைக் கருவிதான் செல்லும் என்று 203-இன் விளக்கமே சொல்கிறது.

ஃபியூயல் செல்லும் ஏமாறும் இடம் வாய். கடைசி மடக்கு, வாய் கொப்பளிக்கும் திரவம், சாராயம் கலந்த இருமல் மருந்து, ஹோமியோபதிச் சொட்டு, ஏப்பம், வாந்தி. வாயில் தங்கிய சாராயம் நுரையீரலில் இருந்து வந்ததைவிடப் பல மடங்கு எண்ணைத் தூக்கிவிடும். சுமார் 15 நிமிடத்தில் அது ஆவியாகிவிடுகிறது. ஆகவே 15 நிமிடம் காத்திருக்க வைக்க வேண்டும். அந்த நேரத்தில் எதையும் குடிக்கவோ, புகைக்கவோ, பாக்கு போடவோ விடக் கூடாது. நடுவில் ஏப்பம் விட்டாலும் வாந்தி எடுத்தாலும் நேரத்தைப் பூஜ்யத்திலிருந்து மறுபடி எண்ணுங்கள்.

ஊதும் குழாயை ஒருவருக்கு ஒன்று என்ற கணக்கில், அவர் முன்னாலேயே உறையைப் பிரித்துப் போட வேண்டும். ஒவ்வொருவருக்கும் முன்னால் காற்றுச் சோதனை: கருவி 0.000 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்தக் கருவியால் அவரைச் சோதிக்காதீர்கள். பெரும்பாலும் காரணம் நீங்கள் கையில் தேய்த்த சானிட்டைசர், இல்லாவிட்டால் ஜீப்புக்குள் ஏற்கனவே உட்கார்ந்திருக்கும் இன்னொரு குடித்தவரின் மூச்சு. வெளியில் வந்து, கை காய்ந்தபிறகு மறுபடி போடுங்கள்.

ஓய்வு ஆய்வாளர் | 4 பிப்ரவரி, இரவு 8:10

இதோடு ஒன்று. கருவியை முகத்துக்கு நேரே நீட்டி 'பேசு' என்று சொல்லி மோப்பம் பிடிக்கிற முறை இருக்கிறதே, அதில் குழாய் இருக்காது. அது ஆளைப் பிரித்தெடுக்க மட்டும். அதில் வருவது இருக்கிறது, இல்லை என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்த எண்ணை வழக்கில் எழுதக் கூடாது. அடுத்ததாகக் குழாய் போட்டு முறையாக ஊத வைக்க வேண்டும்.

ஊதத் தெரியாதவர் மாதிரி நடிப்பவர் உண்டு: குழாயை நாக்கால் அடைப்பார், கன்னத்தை மட்டும் உப்ப வைப்பார், மூக்கால் விடுவார், உள்ளே உறிஞ்சுவார். சொல்ல வேண்டியது இதுதான்: "ஆழமா மூச்சு இழுங்க, உதட்டை இறுக்குங்க, பலூன் ஊதுற மாதிரி நிறுத்தாம ஊதுங்க, நான் போதும்னு சொல்ற வரைக்கும்." மூன்று வாய்ப்பு கொடுத்து மூன்றையும் எழுதுங்கள். உண்மையிலேயே ஆஸ்துமா உள்ளவரால் முடியாமலும் போகலாம். அவரைத் திட்டாதீர்கள், ரத்தத்துக்குப் போங்கள்.

ஏ.பி.பி. | 4 பிப்ரவரி, இரவு 9:30

மறுப்பவர்: 203(4) படி, சாராயம் இருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் வாரண்ட் இல்லாமல் கைது. ஸ்டேஷனில் 203(5) படி இன்னொரு முறை ஊத வாய்ப்பு தர வேண்டும். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். அங்கேயும் மறுத்தால் 204 படி மருத்துவர் மூலம் ரத்தம் கேட்கலாம். அதற்கும் மறுத்தால், நியாயமான காரணம் காட்டாத வரையில், மறுத்ததே நம் சாட்சியத்துக்கு வலுச் சேர்க்கும் சூழ்நிலையாகக் கொள்ளப்படலாம் என்று 205 சொல்கிறது. ஆனால் வலுச் சேர்க்கத்தான் அது. கீழே சாட்சியமே இல்லையென்றால் 205 எதன்மேல் நிற்கும்? ஆய்வாளர் ஐயா சொன்ன அந்த நோட்டு வரி இங்கேதான் உதவும்.

ஓய்வு ஆய்வாளர் | 4 பிப்ரவரி, இரவு 10:00

இன்னொரு கெடு இருக்கிறது. ஊதிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வழக்கே போச்சு.

ஏ.பி.பி. | 4 பிப்ரவரி, இரவு 10:35

இரண்டு திருத்தம் ஐயா. 202(1)-இன் நிபந்தனை: *கைது செய்த* நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம். ஊதிய நேரத்திலிருந்து இல்லை. அதற்குள் மருத்துவப் பரிசோதனை நடக்காவிட்டால் *காவலிலிருந்து* விடுவிக்க வேண்டும் என்கிறது. வழக்கை விடு என்று அதில் எழுதவில்லை. மூச்சுச் சோதனையின் முடிவைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 203(6) தனியாகவே சொல்கிறது. ஆகவே கெடு தவறினால் அவரை விடுவித்துவிட்டு, தவறிய காரணத்தை எழுதி, வழக்கை நடத்துங்கள். கெடு தவறியதை மறைக்க நேரத்தைத் திருத்தினால்தான் எல்லாம் போகும். ஜி.எச். கேசுவாலிட்டியின் ஏ.ஆர். பதிவில் (விபத்துப் பதிவேட்டில்) வேறு நேரம் இருக்கும்.

ஓய்வு ஆய்வாளர் | 5 பிப்ரவரி, காலை 6:15

சரி, நான் சொன்னது தப்பு. கைது நேரம்தான். அதை வைத்து ஒரு நடைமுறை: அந்த இரவுக்கு எந்த ஆஸ்பத்திரி, பணி மருத்துவர் இருக்கிறாரா என்று இடத்துக்குப் போகும் முன்பே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். நாற்பது கிலோமீட்டர் தள்ளித்தான் ஜி.எச். என்றால், பிடித்தவர்களை ஐந்து பேர் சேரட்டும் என்று ஜீப்பில் உட்கார வைக்காதீர்கள். முதலாமவருக்கு நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாக் கடிகாரங்களையும் ஒரே நேரத்துக்குப் பொருத்தி வையுங்கள்: கருவியின் கடிகாரம், வீடியோ எடுக்கும் போன், உங்கள் கைக்கடிகாரம். கருவி பத்து நிமிடம் முந்தி ஓடினால், கைது ஆனபிறகு ஊதியதாகத் தாளில் வரும்.

185 ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஜாமீன்தாரர் வந்தால் ஸ்டேஷனிலேயே விட வேண்டும். ஆனால் போதை இறங்காதவரை நள்ளிரவில் தனியாக வெளியே அனுப்பாதீர்கள். வீட்டு ஆள் கையில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

ஜி.எச். டாக்டர் | 5 பிப்ரவரி, மதியம் 2:40

மெமோவில் 'குடித்திருக்கிறாரா எனச் சான்று தரவும்' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். என்ன கண்டீர்கள், எத்தனை மணிக்கு, விபத்து உண்டா, தலையில் அடி உண்டா என்று எழுதுங்கள்.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. தள்ளாட்டம், குழறல், உளறல், வாந்தி ஆகிய நான்கும் தாழ்ந்த சர்க்கரையிலும் வரும், பக்கவாதத்திலும் வரும், மண்டைக்குள் ரத்தம் கசிந்தாலும் வரும். வாடை வருகிறது என்பதால் மற்ற மூன்றும் இல்லை என்று ஆகிவிடாது. குடித்தவருக்கும் தலையில் அடிபடும். சாப்பிடாமல் குடித்த சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை இறங்கும். கருவி 35 காட்டுகிறது, ஆள் நிற்கவே முடியவில்லை என்றால் அந்த இரண்டும் பொருந்தவில்லை. 35-க்கு அவ்வளவு தள்ளாட்டம் வராது. லாக்கப்புக்கு அல்ல, நேராக இங்கே கொண்டுவாருங்கள். வியர்த்துக் கொட்டுவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, ஒரு கண்மணி பெரிதாக இருப்பது, எழுப்பினால் எழாமல் குறட்டை விடுவது இவற்றில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். பெஞ்சில் படுக்க வைத்தால் ஒருக்களித்து, வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகாதபடி.

ஜி.எச். டாக்டர் | 5 பிப்ரவரி, மாலை 4:05

ரத்தம் எடுப்பது பற்றி விட்டுவிட்டேன். தோலை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது. சோப்புத் தண்ணீர் அல்லது பொவிடோன் அயோடின். 10 மில்லி எடுத்தால் அதில் 100 மி.கி. சோடியம் ஃபுளோரைடு, 30 மி.கி. பொட்டாசியம் ஆக்ஸலேட். முதலாவது கிருமிகளை அடக்கி வைக்கும், இரண்டாவது உறையாமல் வைக்கும். சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் இவை ஏற்கனவே இருக்கும். மூடியபிறகு மெல்ல எட்டுப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. டிரிப் ஏறும் கையிலிருந்து எடுக்காமல் மறு கையிலிருந்து எடுக்க வேண்டும்.

தடய அறிவியல் | 5 பிப்ரவரி, இரவு 7:20

ஃபுளோரைடு போடாத குழாய் வந்தால் எங்களுக்குத் தலைவலி. ரத்தத்தில் உள்ள குளுக்கோஸைக் கிருமிகள் நொதிக்க வைத்துச் சாராயம் உண்டாக்கலாம். இருந்த சாராயம் குறையவும் செய்யலாம். நிரம்பாத குழாயில் மேலே உள்ள காலி இடத்துக்குச் சாராயம் ஆவியாகப் போகும். 4 டிகிரி குளிரில் வைத்து, முத்திரை மாதிரியோடு, அடுத்த வேலை நாளில் அனுப்புங்கள். ரைட்டர் மேஜை டிராயரில் நான்கு நாள் வெயிலோடு கிடந்தது கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். அந்த இடைவெளியில் யார் கையில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஸ்பிரிட் விஷயத்தில் டாக்டர் சொன்னதற்கு ஒரு சேர்க்கை: ஊசி ஏற்றும் இடத்தைத் துடைத்ததால் முடிவு பெரிதாக மாறிவிடாது. ஆனாலும் துடைக்காதீர்கள். "எதனால் துடைத்தீர்கள்?" என்ற கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் இருக்க வேண்டும்.

தனியார் ஆஸ்பத்திரி லேப் ரிப்போர்ட்டை அப்படியே ஒட்டி அனுப்புகிறார்கள். பல இடங்களில் அது சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்) அளவு. சீரத்தில் தண்ணீர் அதிகம் என்பதால் முழு ரத்தத்தைவிடச் சாராய அளவு கூடுதலாக வரும். சட்டம் பேசுவது ரத்தத்தை. தவிர, 204 கேட்பது அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த ஆய்வகத்தின் பகுப்பாய்வை.

ஏ.பி.பி. | 5 பிப்ரவரி, இரவு 9:00

ரத்தம் எதற்கு, மூச்சே போதாதா என்று கேட்பவர்களுக்கு. சாதாரண 185-க்கு மூச்சுச் சோதனை போதும். விபத்தில் உயிர் போயிருந்தால் கதை வேறு. பாரதிய நியாய சன்ஹிதாவில் 106(1) (கவனக்குறைவால் மரணம், ஐந்து ஆண்டு வரை) பொருந்துமா, 105 (கொலை ஆகாத மரணம் விளைவித்தல்) பொருந்துமா என்ற கேள்வி வரும்போது எவ்வளவு குடித்திருந்தார் என்பதைத் தேடுவார்கள். வாடை, தள்ளாட்டம், விரிந்த கண்மணி, குழறல் இவற்றை மட்டும் வைத்துக் குடிபோதை என்று முடிவுகட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே சொல்லிவிட்டது. அந்த வழக்கில் ரத்தத்தை அனுப்பியும் அறிக்கையைத் தாக்கல் செய்யவில்லை.

அடிபட்டு உள்நோயாளியாக இருப்பவரிடம் கேட்கும் முன், சிகிச்சை தரும் மருத்துவருக்கு முதலில் தெரிவிக்க வேண்டும். சிகிச்சைக்குக் கெடுதல் என்று அவர் மறுத்தால் கேட்கக் கூடாது. உள்நோயாளியாக இருக்கும்வரை 203-இன் கீழ் கைதும் இல்லை.

பயிற்சி எஸ்.ஐ. | 6 பிப்ரவரி, இரவு 8:45

ஒரு கட்டிங் (90 மில்லி) போட்டால் ஒன்றும் காட்டாது என்று மெஸ்ஸில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

தடய அறிவியல் | 6 பிப்ரவரி, இரவு 9:55

கணக்குப் போடுவோம். இங்கே விற்கும் பிராந்தி, விஸ்கி 42.8 சதவீதம். 90 மில்லி × 0.428 × 0.789 (எத்தனாலின் அடர்த்தி) = 30.4 கிராம். 70 கிலோ ஆணுக்கு வித்மார்க் காரணி (உடல் எடையில் சாராயம் பரவும் பங்கு) 0.68; 70 × 0.68 = 47.6. வகுத்தால் 100 மில்லிக்கு சுமார் 64 மி.கி. வரம்பைப் போல் இரண்டு மடங்கு. 60 மில்லிக்கே 43 வரும். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் 41 கிராம், அதாவது இரண்டு லார்ஜுக்கு (ஒரு லார்ஜ் 60 மில்லி) சமம். பீர்தானே என்பதற்கு இதுதான் பதில்.

55 கிலோ பெண்ணுக்குக் காரணி 0.55. அதே 60 மில்லி 67-க்குப் போகும்.

இறங்குவது மணிக்குச் சராசரி 15 மி.கி., ஆளுக்கு ஆள் 10 முதல் 20 வரை. குளித்தாலோ, மோர், எலுமிச்சை, காபி குடித்தாலோ இது வேகப்படாது. குவார்ட்டரை (180 மில்லி) இரவு 11-க்கு முடித்தவருக்கு உச்சம் 128. காலை 6 மணிக்கு 23. ஹாஃப் (375 மில்லி) முடித்தவருக்கு உச்சம் 266. காலை 6-க்கு இன்னும் 161. வரம்புக்குக் கீழே வர மறுநாள் மதியம் இரண்டரை மணிக்கு மேல் ஆகும்.

தடய அறிவியல் | 6 பிப்ரவரி, இரவு 10:20

மேலே உள்ளது வெறும் வயிற்றில் ஒரேயடியாகக் குடித்த கணக்கு, அதிகபட்சம். சாப்பாட்டோடு மெதுவாகக் குடித்தால் உச்சம் குறையும். ஆகவே இதை நீதிமன்றத்தில் 'இவர் இவ்வளவு குடித்தார்' என்று திருப்பிப் போடாதீர்கள். விளக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

விபத்து இரவு 9 மணிக்கு, ரத்தம் எடுத்தது 1 மணிக்கு, அறிக்கை 22 என்றால் பின்னோக்கிக் கணக்கு 62 முதல் 102 வரை வரும் (நான்கு மணி × 10 முதல் 20). ஒற்றை எண்ணாகச் சொல்லக் கூடாது, வரம்பாகத்தான் சொல்ல வேண்டும். அதுவும் விபத்து நேரத்தில் குடித்தது முழுக்க ரத்தத்தில் சேர்ந்துவிட்டது என்றால்தான். கடைசியாகக் குடித்த நேரத்தைக் கேட்டு எழுதினீர்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஓய்வு ஆய்வாளர் | 7 பிப்ரவரி, காலை 6:30

காலை 161 என்ற அந்த எண்ணை வெட்டி ஒட்டி வையுங்கள். நம் சோதனை எல்லாம் இரவு 9 முதல் 12 வரை. பள்ளி வேன், கம்பெனி பஸ், மணல் லாரி காலை 5 மணிக்குக் கிளம்புகிறது. வாரம் ஒரு நாளாவது காலை 5 முதல் 7 வரை குழுவை நிறுத்துங்கள். மற்ற ஓட்டுநர்களைவிட இவர்கள் கையில்தான் அதிக உயிர் இருக்கிறது.

இடத்தேர்வு. வளைவிலும், மேம்பாலம் இறங்கும் இடத்திலும், தெருவிளக்கு இல்லாத இடத்திலும் நிற்காதீர்கள். வருபவருக்குக் குறைந்தது நூறு மீட்டர் முன்பே பேரிகேட் தெரிய வேண்டும். அதே சமயம் அதைப் பார்த்துத் திரும்பி ஓட ஒரு சந்து இருக்கக் கூடாது. இருந்தால் அங்கே ஒருவர், வண்டி எண்ணைக் குறிக்க மட்டும். துரத்தக் கூடாது. குடித்தவரைத் துரத்தினால் அவர் முட்டுவது நடைபாதையில் படுத்திருப்பவர் மீது. ஓடும் பைக்கின் சாவியைப் பிடுங்குவது, லத்தியைக் குறுக்கே நீட்டுவது கூடவே கூடாது. எண்ணை வைத்து மறுநாள் பிடிக்கலாம்.

ஆட்கள்: நிறுத்த இருவர், சோதிக்க ஒருவர், எழுத ஒருவர், வீடியோவுக்கு ஒருவர். ஒருவரே சோதித்து எழுதினால் அந்த 15 நிமிடம் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது.

பெண் ஏட்டு | 7 பிப்ரவரி, மதியம் 12:50

பெண் ஓட்டுநர் பற்றி யாரும் எழுதவில்லை. ஊதச் சொல்வதற்கு இரவு பகல் தடை இல்லை. கைதுக்கு உண்டு: சூரியன் மறைந்து உதிக்கும்வரை, விதிவிலக்கான சூழல் தவிர, பெண்ணைக் கைது செய்யக் கூடாது, அப்போதும் பெண் அதிகாரி எழுத்து மூலம் நடுவரின் முன் அனுமதி பெற வேண்டும் (குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 43). ஆண் மருத்துவர் ரத்தம் எடுத்தால் பெண் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று 204 சொல்கிறது. குழுவில் பெண் காவலர் இல்லாமல் வார இறுதிச் சோதனைக்குப் புறப்படாதீர்கள். வழக்கைப் பதிந்து, வண்டியை வேறொருவரிடம் ஒப்படைத்து, அவரைப் பத்திரமாக வீடு சேர்த்துவிட்டு, நீதிமன்றத்தில் சந்திக்கலாம்.

ஓய்வு ஆய்வாளர் | 8 பிப்ரவரி, இரவு 9:15

நேற்று இடத்தேர்வு எழுதியபோது முக்கியமானதை விட்டுவிட்டேன்: ஒரே இடத்தில் நிற்காதீர்கள்.

2010–11-ல் ராஜஸ்தான் காவல் துறையோடு சேர்ந்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு இதைச் சோதித்துப் பார்த்தது. ஐ.பி.எஸ். அதிகாரி நீனா சிங்கும் அந்தக் குழுவில் ஒருவர். சில காவல் நிலைய எல்லைகளில் நல்ல இடம் ஒன்றிலேயே திரும்பத் திரும்பச் சோதனை. வேறு சிலவற்றில் இடத்தை மாற்றி மாற்றிச் சோதனை. மாறிய இடங்களில் இரவு விபத்து 17 சதவீதமும், இரவு உயிரிழப்பு 25 சதவீதமும் குறைந்தன. நிலையான இடத்தில் சொல்லத்தக்க பலன் இல்லை. ஓட்டுபவர்கள் இடத்தைத் தெரிந்துகொண்டு பக்கத்துச் சாலையில் போய்விட்டார்கள். இன்று வாட்ஸ்அப்பில் அது இருபது நிமிட வேலை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். அதிக வழக்கு கிடைக்கிற இடம் என்பதற்காக அங்கேயே நின்றால் வழக்கு எண்ணிக்கை ஏறும், சாவு குறையாது.

ஏ.பி.பி. | 8 பிப்ரவரி, இரவு 10:40

தடுப்பு என்றதும் நினைவுக்கு வருவது: நெடுஞ்சாலையில் 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான். 2017 மார்ச்சில், 20,000 அல்லது அதற்குக் குறைவான மக்கள்தொகை உள்ள உள்ளாட்சிகளில் 220 மீட்டராகத் தளர்த்தினார்கள். உங்கள் ஸ்டேஷன் எல்லையில் ஒரு கடை மீது சந்தேகம் வந்தால் அளந்து மேலிடத்துக்கு எழுதுங்கள்.

பின்னால் உட்கார்ந்து வந்தவர் மீது 188 (உடந்தை): 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல் இதை அறிவித்தது. ஆனால் கூட வந்ததே உடந்தை ஆகிவிடாது. குடித்தவர் என்று தெரிந்தே சாவியைக் கொடுத்தார், ஓட்டச் சொன்னார் என்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். பஸ் கிடைக்காமல் லிஃப்ட் கேட்டு ஏறியவர் மீது போடாதீர்கள்.

லைசென்ஸ்: 206(4) படி வாங்கி உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்புவது கட்டாயம், ரசீது தர வேண்டும். அந்த ரசீதை வைத்து வண்டி ஓட்ட முடியாது என்பதை வாயாலும் சொல்லுங்கள். இரண்டாம் முறை குற்றத்துக்கு 15,000 அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும் கேட்க முந்தைய தண்டனையின் நகல் வேண்டும். முன்பிருந்த 'மூன்றாண்டுக்குள்' என்ற சொற்கள் 2019-ல் போய்விட்டன. பழைய புத்தகத்தைப் பார்த்து விட்டுவிடாதீர்கள்.

தடய அறிவியல் | 9 பிப்ரவரி, காலை 11:10

கருவியின் தாளில் வரும் எழுத்து வெப்பத்தாளில் பதிவது. வெயிலில், பசையில், பிளாஸ்டிக் உறையில் சில மாதத்தில் வெளுத்துவிடும். வழக்கு விசாரணைக்கு வரும்போது வெள்ளைத் தாள்தான் இருக்கும். அன்றிரவே நகல் எடுத்து, நகலிலும் அசலிலும் குற்றம் சாட்டப்பட்டவரின் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் 'மறுத்தார்' என்று சாட்சியோடு எழுதுங்கள். கருவியின் எண், கடைசியாக அளவு சரிபார்த்த தேதி (பெரும்பாலான கருவிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை), சான்றின் நகல் வழக்குக் கட்டில் இருக்கட்டும். ஜீப் டேஷ்போர்டில் பகல் வெயிலில் கருவியை விடாதீர்கள்.

பயிற்சி எஸ்.ஐ. | 9 பிப்ரவரி, இரவு 9:30

கடைசியாக ஒன்று ஐயா. 27 காட்டுகிறது. இப்போதுதான் கடையிலிருந்து வந்தேன் என்கிறார். இன்னும் ஏறும் என்று தெரிகிறது. என்ன செய்வது?

ஏ.பி.பி. | 9 பிப்ரவரி, இரவு 10:05

ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரி கேட்க 203 இடம் தருகிறது. ஆனால் அரை மணி கழித்து 38 வந்தால், அது ஓட்டிய நேரத்து அளவு இல்லை. ஏறட்டும் என்று காத்திருந்து வழக்குப் போடாதீர்கள். நிற்காது, நியாயமும் இல்லை.

ஓய்வு ஆய்வாளர் | 9 பிப்ரவரி, இரவு 10:50

வழக்கு இல்லை. ஆனால் வண்டியில் ஏற்றியும் அனுப்பாதீர்கள். ஓரமாக உட்கார வைத்து, வீட்டு நம்பரை வாங்கி நீங்களே பேசுங்கள். வருபவர் வரும்வரை வண்டி உங்கள் பேரிகேட்டுக்குப் பின்னால் நிற்கட்டும். நோட்டில்: நேரம், 27, யாரிடம் பேசினீர்கள், யார் வந்து அழைத்துப் போனார், எத்தனை மணிக்கு.